மூன்றாவது விதியும் ரெட்டைக் குழல் துப்பாக்கியும்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. அதற்கான விதிகள் 1995 மார்ச் 31-இல் வந்தன. வழக்குகளுக்காக அலைகிற நம் தோழர்கள் அந்த விதிப் புத்தகத்தைப் பையிலேயே வைத்திருப்பார்கள். விசாரணை அதிகாரி யார், நிவாரணத் தொகை எவ்வளவு, சாட்சிக்குப் பயணப்படி யார் தருவது, இதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் மூன்றாவது விதியை நின்று நிதானமாகப் படித்தவர்கள் கொஞ்சம்பேர்தான். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி எது என்று மாநில அரசு அடையாளம் காணவேண்டும் என்று அது தொடங்குகிறது. அப்புறம்தான் விஷயம் வருகிறது. தேவைப்பட்டால் அந்தப் பகுதியில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமத்தை ரத்து செய்யவேண்டும். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலைக்காரர், குடும்ப நண்பர் வைத்திருப்பதையும் ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்க வைக்கவேண்டும். இது மூன்றாவது உட்பிரிவு. கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்வது நான்காவது. ஐந்தாவது இன்னும் ஒரு படி மேலே போகிறது. உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு வேண்டுமென்றால் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் துப்பாக்கி உரிமம் வழங்கவேண்டும்.

நக்சல்பாரித் துண்டறிக்கையில் இருக்கிற வாசகம் இல்லை இது. இந்திய அரசு தன் அரசிதழில் அச்சடித்த வாசகம். ஆண்டையின் துப்பாக்கியைப் பிடுங்கு, சேரிக்காரனுக்குத் துப்பாக்கி கொடு என்று அரசாங்கமே எழுதிவைத்திருக்கிறது. எழுதிவைத்ததோடு சரி.

இந்த மூன்றாவதும் ஐந்தாவதும் ஒரே நியாயத்தின் ரெண்டு பக்கம் மாதிரித் தெரியும். கொஞ்சம் யோசித்தால் அப்படி இல்லை என்று புரியும். ஒன்று ஊர்ப் பெரிய வீட்டுச் சுவரில் தொங்குகிற துப்பாக்கியை இறக்குகிறது. இன்னொன்று நம் வீட்டுச் சுவரில் ஒரு ஆணி அடிக்கிறது. நாம் எதைக் கேட்பது? சட்டம் தருகிறது என்பதாலேயே ஒன்றைக் கேட்டு வாங்குவது அறமாகிவிடுமா? அவன் வைத்திருக்கிறான், நான் ஏன் வைத்திருக்கக்கூடாது என்ற கேள்விக்கு என்ன பதில்? பள்ளிகொண்டா பக்கத்துக் காலனி ஒன்றில் ராத்திரிக் கூட்டத்தில் எழுந்த கேள்வி இது. பதில் சொல்லாமல் எழுந்து வரமுடியவில்லை.

முதலில் அந்தப் பொருளைப் பற்றிச் சொல்லவேண்டும். நம்மில் பலர் அதைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. பன்னிரண்டு போர் ரெட்டைக் குழல் துப்பாக்கி. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக உருட்டினால் ஒரு உருண்டை எந்தக் குழாயில் சரியாக நுழையுமோ அந்தக் குழாய் பன்னிரண்டு போர். பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு குழாய், ரெண்டு விசை. பெரும்பாலும் முன்விசை வலது குழாயைச் சுடும், பின்விசை இடது குழாயை. வலது குழாயின் வாய் கொஞ்சம் அகலம், கிட்டத்தில் ரவை பரந்து விழ. இடது வாய் குறுகல், தூரத்தில் ரவை சேர்ந்து போக. தோட்டாவுக்குள் என்ன ரவை என்பதை வைத்துத்தான் அது கொக்குக்கா, பன்றிக்கா, மனுசனுக்கா என்பது முடிவாகும். ஆறாம் நம்பர் ரவை அவுன்ஸுக்குச் சுமார் 270 இருக்கும், கௌதாரிக்கு. எஸ்.ஜி. அவுன்ஸுக்கு 8, எல்.ஜி. 6. இது பன்றிக்கு. பன்றிக்கு என்று எழுதிய தோட்டா ஆளைப் பார்த்து ஒதுங்கிப் போகாது.

1980-களில் இறக்குமதி நின்றுபோனதால் பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகளுக்கு இங்கே தனி மதிப்பு. தாத்தா வாங்கியது, அப்பா வைத்திருந்தது, மகன் பேருக்கு மாற்றியது என்று அவை வம்சமாக இறங்கிவருகின்றன. 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளிலும் இதற்கு வழி இருக்கிறது. உரிமம் வைத்திருப்பவர் இறந்தால் வாரிசுக்கு. உயிரோடு இருக்கும்போதே, 70 வயதானாலோ 25 வருஷம் துப்பாக்கி வைத்திருந்தாலோ, அவர் சொல்லும் வாரிசுக்கு. நிலம் இறங்குகிற மாதிரி, வீட்டுச்சாவி இறங்குகிற மாதிரி, சாதி இறங்குகிற மாதிரி துப்பாக்கியும் இறங்குகிறது. தாத்தாவுக்கு நிலமும் துப்பாக்கியும் இல்லாதவனுக்கு என்ன இறங்கும்? எங்களுக்கு இறங்கியது வேறு.

பள்ளிகொண்டாவுக்குத் தெற்கே அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் போனால் ஜவ்வாது மலையின் சரிவு. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்னால் அங்கே பெரிய வீட்டுக்காரர்கள் வேட்டைக்குப் போவார்கள். எங்க தாத்தாவும் போனவர்தான், காடு கலைக்க. ஒரு பக்கம் துப்பாக்கிக்காரர் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். எதிர்ப்பக்கத்திலிருந்து சேரி ஆட்கள் பறையும் தகரமும் அடித்துக்கொண்டு, கூச்சல் போட்டுக்கொண்டு, பன்றியையும் மானையும் துப்பாக்கி முனைக்கு ஓட்டிவரணும். ரவை வருகிற திசையைப் பார்த்து நடந்து போகிற வேலை. சாவுக்கு அடித்த பறை, சாமிக்கு அடித்த பறை, அங்கே மிருகத்தைச் சாவுக்கு ஓட்ட அடித்த பறை. கூலி கிடையாது. தலையும் குடலும் பங்கு. தாத்தாவின் கெண்டைக்காலில் ரெண்டு ரவை கடைசிவரைக்கும் இருந்தது. தொட்டுப் பார்த்தால் மிளகு மாதிரி உருளும். யார் சுட்டது தாத்தா என்றால், "காட்டுல பட்டதுடா" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

அந்தத் துப்பாக்கி காட்டில் சுட்டதைவிட திண்ணையில் சுடாமல் செய்த வேலைதான் அதிகம். அறுப்பு முடிந்து கூலி கேட்டுப் போகிற நாளில் மட்டும் ஆண்டை அதைத் திண்ணைக்கு எடுத்துவந்து பிரித்து, எண்ணெய் போட்டு, குழாயைக் கண்ணுக்கு நேரே பிடித்து வெளிச்சம் பார்ப்பாராம். ஒரு வார்த்தை மிரட்டல் இல்லை. "இன்னாடா, எல்லாரும் வந்துட்டீங்களா" என்று சிரித்தபடிதான் கேட்பாராம். அன்றைக்கு ஒரு மரக்கால் குறைவாக அளந்தாலும் யாரும் வாயைத் திறந்ததில்லை. அகிம்சை, வன்முறை என்று பேசுகிறவர்கள் சத்தம் கேட்டால்தான் வன்முறை என்று கணக்குப் போடுகிறார்கள். இந்தத் திண்ணையில் சத்தமே இல்லை, ரத்தமும் இல்லை. ஆனால் மரக்கால் குறைந்தது. அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

துப்பாக்கி உறை, தோள்வார், தோட்டா பெல்ட் எல்லாம் தோல். தோல் எங்களுடையது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி, ஆவாரம்பட்டைத் தண்ணியில் ஊறி, கால் வெந்து பதப்படுத்தியது எங்க சனம். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பூட்ஸுக்கு மதராஸ் மாகாணத்துத் தோல் கப்பல் கப்பலாகப் போயிருக்கிறது. செத்த மாட்டைத் தொட்டவன் தீட்டு. அந்த மாட்டின் தோலில் செய்த பெல்ட்டை மார்பின் குறுக்கே போட்டுக்கொண்டவன் வீரன்.

ஆயுதம் யார் கையில் இருக்கவேண்டும் என்ற கேள்வியும் சாதி என்ன என்ற கேள்வியும் வேறுவேறு இல்லை. இதை நம்மிடம் தெளிவாகச் சொன்னவர் அம்பேத்கர். 1936-இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, பேச இடம் மறுக்கப்பட்டு, தானே அச்சிட்ட அந்த உரையில் கேட்கிறார்: மற்ற நாடுகளில் சமூகப் புரட்சிகள் நடந்தன, இந்தியாவில் ஏன் நடக்கவில்லை? நால்வருணம் அடித்தட்டு மக்களிடமிருந்து ஆயுதத்தைப் பறித்தது, ஆயுதம் இல்லாமல் அவர்கள் எழ முடியவில்லை என்பது அவர் பதில். ஐரோப்பாவில் பலவீனமானவனுக்குப் படையில் சேரும் சுதந்திரம், வாக்கு, கல்வி என்று மூன்று ஆயுதங்கள் இருந்தன. இங்கே மூன்றையும் மறுத்தார்கள் என்கிறார்.

வெள்ளைக்காரன் நம்மை ராணுவத்தில் சேர்த்தான். மதராஸ் ராணுவத்தில், அதிலும் பயனியர், சாப்பர் பிரிவுகளில், பறையர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். பம்பாய்ப் பக்கம் மகர்கள் இருந்தார்கள். பிறகு 'போர்ச் சாதி' என்று ஒரு கதையைக் கட்டி, 1892-இல் மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தினான். மதராஸ் ராணுவத்தையும் சுருக்கினான். துப்பாக்கி தூக்கத் தெரிந்த கை திரும்பவும் கலப்பைக்கும் குழிக்கும் வந்தது. இதற்கு நடுவில் 1878-இல் ஆயுதச் சட்டம். இந்தியன் ஆயுதம் வைக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம். தேசியவாதிகளுக்கு இதில் பெரிய மானக்கேடு. காந்தியே 1918-இல் ராணுவத்துக்கு ஆள் சேர்க்கப் போனபோது, பிரிட்டிஷ் ஆட்சியின் தீமைகளிலேயே மிகவும் கறுப்பானது ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கியதுதான் என்று எழுதினார். சரிதான். ஒரு தேசம் 40 வருஷம் நிராயுதபாணியாக இருந்தால் அது கறுப்பு. சேரி ஆயிரம் வருஷம் அப்படி இருந்தால் அதற்குப் பெயர் சாந்தம், ஒழுங்கு, கிராமத்து அமைதி.

சுதந்திர இந்தியா 1959-இல் புது ஆயுதச் சட்டம் போட்டது. அதன் 14-ஆம் பிரிவில் ஒரு நல்ல வரி உண்டு. போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி யாருக்கும் உரிமம் மறுக்கக்கூடாது. நல்ல வரிதான். ஆனால் உரிமம் கேட்கிறவனைப் பற்றி விசாரித்து அறிக்கை அனுப்புவது போலீஸ். போலீஸ் விசாரிப்பது ஊரில். ஊரில் யாரிடம் விசாரிப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா? இதே துப்பாக்கி நரிக்குறவர் கையில் இருந்தால் திருட்டுச் சாமான். ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடி கையில் இருந்தால் கள்ளத் துப்பாக்கி, போலீஸ் ஊர் ஊராகப் போய் ஒப்படைக்கச் சொல்லும். பெரிய வீட்டில் இருந்தால் பாரம்பரியம்.

1968 டிசம்பர் 25 ராத்திரி அந்தப் பாரம்பரியம் கீழ்வெண்மணிக்கு வந்தது. அரைப்படி நெல் கூடக் கேட்டு, செங்கொடி பிடித்ததற்காக நிலக்கிழார்களும் அவர்கள் ஆட்களும் துப்பாக்கியோடு வந்து சுட்டார்கள். ஓடி ஒளிந்த 44 பேரை ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயசானவர்கள். நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கும் மற்றவர்களுக்கும் 1970-இல் கீழ்க்கோர்ட் தண்டனை கொடுத்தது. 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. கார் வைத்திருக்கிற, நிலபுலன் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்பமுடியவில்லை என்றது தீர்ப்பு. துப்பாக்கி உரிமம் வாங்க எந்த கௌரவம் உதவியதோ, அதே கௌரவம் கொலை வழக்கிலிருந்து வெளியே வரவும் உதவியது. எனக்கு வெண்மணியில் அந்த ராத்திரியைவிட இதுதான் அதிகமாக உறுத்துகிறது.

இனி அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். ஊர்ப்பெயர் வேண்டாம். தனி ஊராட்சி. நம்ம பெண் ஒருவர் தலைவராக ஜெயித்திருக்கிறார். சுதந்திர தினத்தில் கொடி ஏற்றக்கூடாது என்று மிரட்டல். ராத்திரியில் வீட்டு ஓட்டின்மேல் கல். புகாருக்கு ரசீது கிடைத்தது, போலீஸ் கிடைக்கவில்லை. அவருடைய கொழுந்தன் எழுந்து கேட்டான்: "அண்ணா, மேலவளவுல முருகேசன் பாதுகாப்பு கேக்கலையா? கேட்டாரு. 1997-ல பட்டப்பகல்ல பஸ்ஸை நிறுத்தி வெட்டுனாங்க. நாம மட்டும் மனு எழுதிக்கினே இருக்கணுமா? விதியிலயே இருக்குதுன்றீங்க. எனக்கு லைசென்ஸ் வாங்கிக் குடுங்க. ரெட்டைக் குழல் ஒண்ணு விலைக்கு வருது, பழசு. ஜமீன் வீட்டுது."

அவன் கேட்டதில் ஒரு குற்றமும் இல்லை. அமெரிக்காவில் கறுப்பர்களை மரத்தில் தொங்கவிட்ட காலத்தில், 1892-இல், ஐடா பி. வெல்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர், ஒவ்வொரு கறுப்பர் வீட்டிலும் ஒரு வின்செஸ்டர் துப்பாக்கிக்குக் கௌரவமான இடம் வேண்டும், சட்டம் தராத பாதுகாப்பை அது தரட்டும் என்று எழுதினார். 1964-இல் லூசியானாவில் ஜோன்ஸ்பரோ என்ற ஊரில் கறுப்புத் தொழிலாளிகள், முன்னாள் ராணுவத்தினர் சேர்ந்து தற்காப்புக் குழு கட்டினார்கள். அகிம்சைப் போராட்டக்காரர்கள் ராத்திரியில் நிம்மதியாகத் தூங்கியதற்கு வாசலில் துப்பாக்கியோடு விழித்திருந்த இவர்களும் காரணம். கருஞ்சிறுத்தைகள் கலிபோர்னியாவில் சட்டப்படி துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு வீதியில் நடந்தபோது என்ன ஆனது? 1967-இல் அவசரமாகச் சட்டத்தை மாற்றினார்கள். கையெழுத்துப் போட்டவர் ரொனால்ட் ரீகன். வெள்ளைக்காரன் கையில் இருந்தவரை அது உரிமை, கறுப்பன் கைக்கு வந்ததும் ஆபத்து. நமக்கு அகிம்சை போதிக்கிறவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன். இதே போதனையை, சுவரில் துப்பாக்கி தொங்குகிற வீட்டில் போய் என்றைக்காவது செய்தீர்களா?

அந்தக் கூட்டத்தில் ரெண்டு பேர் சொன்னதுதான் என்னை யோசிக்கவைத்தது. ஒருவர் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று, வங்கியில் காவல் நிற்கிற பெரியவர். வேலூர்ப் பக்கத்தில் இப்படிப்பட்டவர் ஊருக்கு நாலு பேர் உண்டு. உரிமத்தோடு சொந்தத் துப்பாக்கி இருந்தால் அந்த வேலை கிடைப்பது சுலபம். நம்ம ஆள் கையில் ரெட்டைக் குழலைச் சட்டம் சந்தோஷமாகப் பார்க்கிற ஒரே இடம் வங்கி வாசல்தான். அடுத்தவன் பணத்தைக் காக்க என்றால் கொடுப்பார்கள், தன் தங்கச்சியைக் காக்க என்றால் விசாரணை. அவர் அந்தப் பையனோடு போய்ப் பழைய துப்பாக்கியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"தம்பி, அது கறுப்பு மருந்து காலத்துக் குழாய். இரும்புப் பட்டையை முறுக்கி முறுக்கி அடிச்சி ஒட்டுனது, மேல வரி வரியா பாய் பின்னல் மாதிரி தெரியுது பாரு. பாக்க அழகு. அதுல இப்ப இருக்கற புகையில்லா மருந்துத் தோட்டா போட்டா அழுத்தம் தாங்காது. உள்ளாற எந்த மடிப்புல துரு புடிச்சிருக்கோ, யாருக்குத் தெரியும்? இன்னொண்ணு, அந்தக் காலத்துத் துப்பாக்கியில தோட்டா உக்கார்ற அறை ரெண்டரை அங்குலம், 65 மில்லிமீட்டர். கடையில 70 மில்லிமீட்டர் தோட்டா குடுப்பான். உள்ள நுழைஞ்சிரும், மூடிக்கும், சரியாத்தான் இருக்குன்னு நெனப்ப. சுடும்போது தோட்டா வாய் விரியறதுக்கு எடம் இல்லாம அழுத்தம் எகிறும். குழாயும் கட்டையும் சேர்ற எடத்துல வேற ஆட்டம் இருக்குது. எதுத்தாப்புல இருக்கறவன் சாவறானோ இல்லையோ, உன் எடதுகை போயிடும். இந்த மாதிரித் துப்பாக்கிக்குன்னு அழுத்தம் கொறைஞ்ச தோட்டாவைத் தேடி வாங்கணும், கைதேர்ந்த ஆள்கிட்ட குடுத்துக் குழாயை அளக்கணும், வருசாவருசம் பாக்கணும். அவங்களுக்குக் கடைக்காரன் தெரியும், கலெக்டர் ஆபீஸ் தெரியும், இன்ஸ்பெக்டர் தெரியும். நமக்கு?"

அவர் துப்பாக்கியைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் ஒரு துப்பாக்கி தனியாக இல்லை என்பதை அன்றைக்குத்தான் நான் முழுசாக விளங்கிக்கொண்டேன். அதற்குப் பின்னால் உரிமம், கடை, தோட்டா, புதுப்பித்தல், போலீஸ் அறிக்கை, வக்கீல், நீதிபதி என்று ஒரு நீளமான வரிசை நிற்கிறது. பெரிய வீட்டில் தொங்குகிற துப்பாக்கியின் பலம் அந்த வரிசையில்தான் இருக்கிறது. நாம் வாங்கினால் இரும்பும் கட்டையும் மட்டும்தான் நமக்கு வரும், வரிசை அவன் பக்கமே நிற்கும். இந்த வடாற்காட்டிலும் தருமபுரியிலும் 1980, 81-இல் நக்சல்பாரி வேட்டை என்று எத்தனை 'மோதல்' சாவு! 2011 செப்டம்பர் 11 பரமக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நம்மவர்கள் ஆறு பேர் உயிர் போனது. 2015 ஏப்ரல் 7 சேஷாசலம் காட்டில் 20 கூலிகளை ஆந்திரப் படை சுட்டது. ஜவ்வாது மலைப் பக்கத்து ஆட்கள் பலர் அதில். இவர்கள் யாரும் துப்பாக்கி வைத்திருக்கவில்லை. அப்படியிருந்தும் சுட்டவர்கள் சொன்ன காரணம் தற்காப்பு. நம் வீட்டில் நிஜமாகவே ஒன்று இருந்தால் அவர்களுக்குக் காரணம் தேடுகிற வேலை மிச்சம்.

இன்னொருவர் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிற ஒரு அத்தை. பேச்சு முழுக்க ஆம்பிளைங்க பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் அவர் எழுந்தார். "துப்பாக்கி வாங்குவீங்க, சரி. அது ராத்திரி எங்க இருக்கும்? வீட்ல இருக்கும். குடிச்சிட்டு வர்ற அன்னிக்கு அது யார் பக்கம் நீளும்? ஊர்க்காரன் வருசத்துல ஒருநாள் வர்றான். நீங்க தெனம் வர்றீங்க." யாரும் பதில் சொல்லவில்லை. ஒருத்தன் சிரித்தான், யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டான். தலித் விடுதலை பேசுகிற நாம் வன்முறையை ஊருக்கும் சேரிக்கும் நடுவில் மட்டும் வைத்துப் பார்க்கிறோம். சேரிக்குள், வீட்டுக்குள் இருக்கிற ஊரை அந்த அத்தை காட்டினார்.

அம்பேத்கர் இதில் எங்கே நிற்கிறார்? 1927 மார்ச்சில் மகாடில் குளத்துத் தண்ணீரைத் தொட்டதற்காக நம்மவர்களை அடித்தபோது, கூட்டத்தில் ராணுவத்தில் இருந்து வந்த மகர்கள் இருந்தார்கள். ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தார்கள். அவர் திருப்பி அடிக்கச் சொல்லவில்லை. வழக்குப் போடவைத்தார். 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமையாக்கவேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். காங்கிரஸ் 1931-இல் கராச்சியில் ஏற்றுக்கொண்ட உரிமைதான் அது. அதை எதிர்த்தவர் அம்பேத்கர். வரைமுறையில்லாமல் எல்லோரும் ஆயுதம் வைத்திருப்பதை இன்றைய நிலைமையில் அனுமதிக்கமுடியாது என்றார்.

1936-இல் ஆயுதம் மறுக்கப்பட்டதுதான் அடிமைத்தனம் என்றவர் 1948-இல் ஆயுத உரிமை வேண்டாம் என்கிறார். சிலர் இதை முரண்பாடு என்பார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. 1936-இல் அவர் வருணத்தைப் பார்த்துக் கேட்டார்: ஒரு கூட்டத்துக்கு மட்டும் ஏன் ஆயுதம்? 1948-இல் கிராமத்தைப் பார்த்தார். எல்லோருக்கும் உரிமை என்று எழுதினால் அது யார் வீட்டுச் சுவருக்குப் போய்ச்சேரும் என்று அவருக்குத் தெரியும். நிலம் யாரிடமோ அவரிடம். ரெண்டு இடத்திலும் அவர் கேட்டது ஒன்றுதான். பிறப்பால் ஒருத்தனுக்கு இன்னொருத்தன்மேல் சாவு அதிகாரம் இருக்கக்கூடாது.

இங்கிருந்து என் முடிவுக்கு வருகிறேன். உயிர் ஆபத்தில் இருக்கிறவனின் தற்காப்பு உரிமை அவனுடையது. பள்ளிகொண்டாவில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிற நான் அவனுக்காக அதை விட்டுக்கொடுக்கவும் முடியாது, அவனைத் தூண்டிவிட்டு அவன் முதுகுக்குப் பின்னால் வீரம் பேசவும் முடியாது. அந்தத் தம்பி ஐந்தாவது உட்பிரிவின்கீழ் மனுப் போட்டால் நான் சாட்சிக் கையெழுத்துப் போடுவேன். அவனுக்குக் கிடையாது என்று சொல்ல எவனுக்கும் யோக்கியதை இல்லை.

ஆனால் ஒரு ஆள் தன் உயிருக்காகக் கேட்பது வேறு, ஒரு சமூகம் அரசைப் பார்த்துக் கோரிக்கை வைப்பது வேறு. கோரிக்கையில் நாம் எப்படிப்பட்ட ஊரைக் கேட்கிறோம் என்பது இருக்கிறது. ஐந்தாவதைக் கோரிக்கையாக வைத்தால் நாம் கேட்பது ரெண்டு சுவரிலும் துப்பாக்கி தொங்குகிற ஊரை. அப்படி ஒரு ஊரில் எந்தத் துப்பாக்கிக்குப் பின்னால் வரிசை நிற்கும் என்று ஏற்கனவே பார்த்தோம். மூன்றாவதைக் கோரிக்கையாக வைத்தால் நாம் கேட்பது எந்தச் சுவரிலும் துப்பாக்கி இல்லாத ஊரை. திண்ணையில் உட்கார்ந்து குழாயைத் துடைக்கிறவனைப் பார்த்து நடுங்காமல் கூலி கேட்கிற ஊரை. நம் விடுதலையின் கருத்துக்கு இதுதான் பொருந்தும். அவனைப்போல ஆவது நம் கனவில்லை. அவன் அப்படி இருக்கமுடியாமல் செய்வதுதான்.

இது கோழைத்தனம், அரசாங்கத்தை நம்புகிற பேச்சு என்று இளைஞர்கள் சொல்வார்கள். அரசாங்கத்தை நான் நம்பவில்லை. அதனால்தான் அதற்கு ரொம்பக் கஷ்டமான வேலையைக் கொடுக்கச் சொல்கிறேன். நமக்கு ஒரு உரிமம் தருவது அதற்குச் சுலபம். பத்து பேருக்குக் கொடுத்துவிட்டு, இனி உங்கள் பாதுகாப்பு உங்கள் பொறுப்பு என்று கையைக் கழுவும். பெரிய வீட்டு உரிமத்தை ரத்து செய்வதுதான் அதற்குக் கசக்கும், ஏனென்றால் அங்கே அது தன் சொந்த முகத்தில் கை வைக்கவேண்டும்.

செய்யமுடியாத காரியமும் இல்லை இது. ஒவ்வொரு தேர்தலுக்கும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வருகிறது. கொண்டுவந்து கொடுத்து ரசீது வாங்கிப் போகிறார்கள். யார் வீட்டில் என்ன இருக்கிறது என்ற கணக்கு ஸ்டேஷனில் இருக்கிறது. ஓட்டுப்பெட்டிக்கு ஆபத்து என்றால் துப்பாக்கியை வாங்கிவைக்கத் தெரிந்த அரசுக்கு, ஜெயித்து வந்த பெண்ணுக்கு ஆபத்து என்றால் மட்டும் ஏன் தெரியவில்லை? தேர்தல் முடிந்ததும் அவை திரும்ப வீட்டுக்குப் போகின்றன. மிரட்டல் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து ரெண்டு மனு எழுதினோம். முதல் மனு ஊரின் பேரில், அந்த அத்தை முதல் கையெழுத்து. எங்கள் ஊராட்சியை வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று அறிவிக்கவேண்டும், மூன்றாவது விதியின் மூன்றாவது உட்பிரிவின்படி உரிமங்களை ரத்து செய்யவேண்டும், தேர்தலுக்காக ஒப்படைக்கிற துப்பாக்கிகளை இந்த முறை திருப்பித் தரக்கூடாது. இரண்டாவது மனு அந்தத் தம்பியின் பேரில், ஐந்தாவது உட்பிரிவின்கீழ். முதல் மனுவை ஏற்றால் இரண்டாவதை வாபஸ் வாங்கிக்கொள்வேன் என்று கடைசி வரியில் அவனே எழுதச் சொன்னான். ஜமீன் வீட்டுத் துப்பாக்கிக்குக் கொடுத்த முன்பணத்தைத் திருப்பி வாங்கிவிட்டான். ரெண்டு மனுவுக்கும் ரசீது இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. மற்ற ஊர்த் தோழர்களும் முதல் மனுவை எழுதவேண்டும். ஒரு ஊர் கேட்டால் கோப்புக்குள் போய்விடும். நூறு ஊர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகணும்.